ஏழு இருபது வண்டியின் தாமதச் சீட்டு

எலாண்ட்ஸ் ரோடு ரயில் நிலையத்தில் ஜன்னல்கள் மூன்று. முதல் ஜன்னலில் பயணச் சீட்டு கொடுத்தார்கள். மூன்றாவது ஜன்னலில் என்ன கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது திறந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டாவது ஜன்னலில் ஃபினியஸ் மாசெகோ தாமதம் கொடுத்தார்.

கொடுத்தார் என்றால் வாயால் அல்ல. எழுதி, தேதி போட்டு, நீல மையில் முத்திரை குத்தி, புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்தார். ‘இதைக் கொண்டுவருபவர் வந்த ரயில் இன்று ........ நிமிடம் தாமதமாக வந்தது என்று சான்றளிக்கப்படுகிறது’ என்று அந்தச் சீட்டில் அச்சடித்திருக்கும். அதன் கீழே ‘குறிப்பு’ என்று ஒரு காலிக் கோடு. தொழிலாளர் குடியிருப்பான கட்லஹாங்கிலிருந்து ஆறே முக்காலுக்கு வரவேண்டிய வண்டி ஏழு இருபதுக்கு வரும். மெத்தை ஆலையும் பிஸ்கட் ஆலையும் பெயிண்ட் ஆலையும் ஏழு மணிக்குச் சங்கு ஊதிவிடும். ஆனால் மாசெகோவின் சீட்டு கையில் இருந்தால் வாசல் கதவு திறக்கும், சம்பளம் வெட்டுப்படாது, மேஸ்திரி முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்வார். ரயில் செய்த குற்றத்துக்கு ரயிலே எழுதிக்கொடுக்கும் மன்னிப்புக் கடிதம் அது. உலகத்தில் எத்தனை இலாகாக்கள் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கின்றன என்று மாசெகோ அடிக்கடி நினைத்துப் பெருமைப்படுவார்.

பெருமைக்கு அவரிடம் குறைவில்லை. சீருடையில் கழுத்துப்பட்டை கட்டாயமில்லாத வேலைக்குக் கழுத்துப்பட்டை கட்டி வந்தார். முத்திரையை எடுப்பார், அதன் முகத்தில் ‘ஹா’ என்று ஊதுவார், மையில் ஒற்றுவார், பக்கத்துக் காகிதத்தில் ஒருமுறை ஒத்திகை பார்ப்பார், பிறகுதான் சீட்டில் குத்துவார். இந்தப் பூசையால் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு இன்னொரு பதினைந்து நிமிடம் போய்விடும். அதையும் சேர்த்து எழுதக் கூடாதா என்று பிஸ்கட் ஆலைக்காரர்கள் கேட்டதுண்டு. ரயில் செய்த தாமதத்துக்குத்தான் தனக்கு அதிகாரம், மாசெகோ செய்யும் தாமதத்துக்கு மேலிடத்தில் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ பதினோரு வருடத்தில் அவர் எழுதியதில்லை. மச்சான் ஒருவர் ஒரே ஒரு தடவை பத்து நிமிடம் கூடுதலாகக் கேட்டார். அவர் இன்றுவரை மாசெகோவோடு பேசுவதில்லை.

ஆனால் அந்த வரிசை இருந்ததே, அதற்கு ஈடே கிடையாது. அங்கே ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் குளிரில் இருநூறு வாய்களிலிருந்து ஆவி எழும்பும். மக்வின்யா சுடுகிற பெண் வரிசையின் ஓரமாகவே அடுப்பை வைத்திருந்தாள். பொரித்த மாவுருண்டையின் எண்ணெய் வாசனை முத்திரை மையோடு சேர்ந்து வரும். மூன்றாவது பெட்டியில் தகரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு வந்த ஜெபக் கூட்டம், பாட்டை முடிக்க மனமில்லாமல் வரிசையிலும் இழுத்துக்கொண்டு வரும். எதிரே தெரிந்த முகத்தைப் பார்த்தே மாசெகோவால் நிமிடம் சொல்லிவிட முடியும். பதினைந்து நிமிடம் தாமதம் என்றால் ஆட்கள் கோபமாக இருப்பார்கள். நாற்பது என்றால் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் நான்கு குரலில் பிரித்துப் பாடுவார்கள். அந்த வரிசையில் இரண்டு கல்யாணங்கள் முடிவாயின. ஒரு சபை இரண்டாக உடைந்ததும் அங்கேதான்.

வரிசையின் முதல் ஆள் எப்போதும் மாகுபேகாதான். மெத்தை ஆலையில் ஓரம் தைக்கிறவள், பத்தொன்பது வருட சர்வீஸ். எந்தப் பெட்டியின் எந்தக் கதவு இரண்டாம் ஜன்னலுக்கு நேரே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். இடது கையிடுக்கில் கம்பளி நூல் உருண்டை, ஊசி இரண்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

“என்ன பாபா, இன்னைக்கு எவ்வளவு சமைச்சு வச்சிருக்கீங்க?” என்பாள்.

“முப்பத்தேழு.”

“நேத்தைக்கு முப்பத்தஞ்சுதானே? பரவாயில்ல. அந்த ரெண்டு நிமிஷத்துலதான் கழுத்துப் பக்கம் முடிஞ்சுது.”

வண்டி நடுவழியில் நின்றால் மற்றவர்கள் ரயில்வேயைத் திட்டுவார்கள். அவள் கண்ணி எண்ணுவாள். சிக்னல் கம்பியை யாரோ வெட்டிக்கொண்டு போன வருடத்தில் மட்டும் தன் அக்கா பிள்ளைகள் நான்கு பேருக்கும் ஸ்வெட்டர் முடித்துவிட்டாள்.

இதெல்லாம் திரு. மொட்சுமி வருவதற்கு முன்னால்.

திரு. மொட்சுமி, ‘புறநகர் ரயில் சேவை நம்பகத்தன்மை மற்றும் கொள்ளளவு மேம்பாட்டுப் பிரிவு’ என்ற புதிய பிரிவின் தலைவர். அவருடைய விலாச அட்டையின் ஒரு பக்கத்தில் அடங்காமல் அந்தப் பெயரை இரண்டு பக்கமும் போட்டிருந்தார்கள். முதல் தடவை அவர் நிலையத்தைப் பார்வையிட வந்தபோது காரில் வந்து, சாலை நெரிசலில் சிக்கி, ஒன்றே கால் மணி நேரம் பிந்தி வந்தார். இறங்கியதும் நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசினார். ஊழியர்கள் கைதட்டினார்கள்.

மனிதர் மோசமானவர் என்று சொல்ல முடியாது. எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், பெயர் தவறாக இருந்தாலும். மூன்றே மாதத்தில் சேவையைச் சீராக்கிக் காட்டுவேன் என்றார், காட்டினார். முதலில் வந்தது புதிய கால அட்டவணை. ஆறே முக்கால் வண்டி தினமும் ஏழு இருபதுக்குத்தானே வருகிறது? அட்டவணையில் அதை ஏழு இருபது வண்டி என்று மாற்றினார். மறுநாள் காலை வண்டி ஏழு இருபதுக்கு வந்தது. எலாண்ட்ஸ் ரோடு சரித்திரத்தில் முதன்முறையாக ஒரு ரயில் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தது. அதற்கு முன்னால் ஆறு ஐந்துக்கு ஒரு வண்டி காகிதத்தில் உண்டு. மாதத்தில் ஏழெட்டு நாள் ஓடும், மற்ற நாள் ரத்து. அதை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார். இல்லாத வண்டியை யார் ரத்து செய்ய முடியும்? ரத்துக் கணக்கு ஒரே நாளில் பூஜ்ஜியமானது.

அடுத்தது கொள்ளளவு. உட்கார்ந்திருக்கும் பயணி ஒருவர் நிற்கும் பயணிகள் இரண்டரைப் பேரின் இடத்தை அடைத்துக்கொள்கிறார் என்று அவர் திரையில் படம் போட்டு விளக்கினார். அந்த அரைப் பயணி யார் என்று யாரும் கேட்கவில்லை. பெட்டிகளிலிருந்து பெஞ்சுகளைக் கழற்றி எடுத்தார்கள். கொள்ளளவு நாற்பது சதவீதம் உயர்ந்தது. மாகுபேகாவின் ஊசிகள் வீட்டிலேயே தங்கிவிட்டன. நின்றுகொண்டு, நாலு பேர் முழங்கைக்கு நடுவில், பின்ன முடியாது. ஜெபக் கூட்டத்துக்கும் கையை உயர்த்த இடமில்லாமல் போயிற்று. ஒருமுறை உயர்த்தினால் எலாண்ட்ஸ் ரோடு வந்து சேரும்வரை இறக்க முடியவில்லை.

வண்டி நேரத்துக்கு வந்ததால் தாமதச் சீட்டு இல்லை. இனி எந்தத் தொழிலாளியும் ரயிலைச் சாக்குச் சொல்ல முடியாது என்று ஆலைகளுக்கெல்லாம் சுற்றறிக்கை வேறு போனது. நூறு நாள் ஒரு சீட்டும் கொடுக்காமல் கழிந்தால் இரண்டாம் ஜன்னலை மூடிவிடுவது என்று ஏற்பாடு. அங்கே ‘பயணிகள் மகிழ்ச்சி மையம்’ வரும். மாசெகோ வெரினிகிங் பக்கத்தில் பழைய விளக்குகள் போட்டு வைக்கும் கிடங்குக்குப் போகவேண்டும். ஓய்வுபெற நான்கு வருடம் இருந்தது.

அந்தத் தொண்ணூற்றுச் சொச்ச நாட்கள் மாசெகோ சும்மா உட்கார்ந்திருந்தார். மை காயாமலிருக்க தினம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். ஏழு பத்தொன்பது ஆகும்போது, இன்றைக்காவது இரண்டு நிமிடம் பிந்தாதா என்று மனம் எட்டிப் பார்க்கும். பார்த்த மனத்தை அதட்டி உட்கார வைப்பார். வண்டி வந்து நிற்கும். அதே ஆட்கள், அதே ஏழு இருபதுக்கு இறங்கி, ஜன்னல் பக்கம் திரும்பாமல் ஆலைகளை நோக்கி ஓடினார்கள். முன்பெல்லாம் யாரும் ஓடியதில்லை. மக்வின்யாப் பெண் ஒரு வாரம் பார்த்துவிட்டு அடுப்பைத் தூக்கிக்கொண்டு வேன் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

தொண்ணூற்றேழாம் நாள் காலை திரு. மொட்சுமி ஒரு புகைப்படக்காரரோடு பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். ‘நூறு நாள், பூஜ்ஜியம் தாமதம்’ என்ற பதாகைக்கு அளவெடுக்க வந்திருந்தார்கள். அது வழக்கமாகக் கீழ்நிலை வேலையாட்கள் செய்யும் வேலை. சரித்திர வேலை என்பதால் தானே நாடா பிடித்தார். வண்டி ஏழு இருபதுக்கு வந்தது. கூட்டம் கொட்டியது, ஓடியது. மாகுபேகா ஓடவில்லை. இரண்டாம் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றாள்.

“ஒரு சீட்டு எழுதுங்க பாபா.”

மாசெகோ கடிகாரத்தைக் காட்டினார். வண்டி சரியான நேரத்துக்கு வந்துவிட்டதே என்றார்.

ஆலையில் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கிவிட்டதாகவும், இன்றைக்குச் சீட்டில்லாமல் ஏழுக்கு மேல் வந்தால் வாசலிலேயே கணக்கு முடித்து அனுப்பிவிடுவதாக நேற்றுச் சொல்லிவிட்டார்கள் என்றும் அவள் சொன்னாள். குரலை உயர்த்தாமல், வழி கேட்டவருக்கு விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். முந்தைய வண்டியில் வரலாமே என்று கேட்க மாசெகோ வாயெடுத்தார்; முந்தைய வண்டி எங்கே போயிற்று என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். வேனில் வந்தால் வாரச் சம்பளத்தில் பாதி வேன்காரனுக்கு.

அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவர்கள் சிலர் நின்றுவிட்டார்கள். மூன்று மாதமாக யாரும் நிற்காத இடத்தில் ஒருத்தி நிற்கிறாளே என்று பார்த்தார்கள். வரிசையில் நின்று பழகிய கால்கள். ஒருவர் பின்னால் ஒருவராகத் தாமே ஒழுங்காகிவிட்டன. கூட்டத்தைப் பார்த்துத் திரு. மொட்சுமி கையில் அளவு நாடாவோடு வந்தார்.

“என்ன பிரச்சனை, மாசெங்கோ?”

மாசெகோ சொன்னார். திரு. மொட்சுமி மாகுபேகாவைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். அது பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்ட கனிவு.

“அம்மா, வண்டி டயத்துக்கு வந்திருக்கும்மா. ஒரு நிமிஷம் கூட லேட் இல்ல. நாங்க பதிவு பண்ணியிருக்கோம்.”

“வந்துச்சுங்க ஐயா. நான் இல்லைன்னு சொல்லலயே,” என்றாள் மாகுபேகா. “நானும் அதுக்குள்ளேதான் இருந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்பினோம், ஒண்ணா வந்தோம். அது டயத்துக்கு வந்துச்சு. நான் மட்டும் எப்படி லேட்டானேன்? அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் போயிடறேன்.”

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். திரு. மொட்சுமி, இது ஆலைகளின் வேலை நேர மேலாண்மையைப் பற்றிய பிரச்சனை, ரயிலின் நம்பகத்தன்மையைப் பற்றியதல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று விளக்க ஆரம்பித்தார். மாகுபேகா அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசெகோவின் கை சீட்டுப் புத்தகத்தின் மேல் இருந்தது. எழுதினால் நூறு நாள் கணக்கு உடையும், ஜன்னல் பிழைக்கும், விளக்குக் கிடங்கு இல்லை. அதனாலேயே எழுத முடியவில்லை. தன் நாற்காலியைக் காப்பாற்றக் கிழவன் பொய் எழுதிவிட்டான் என்று மச்சான் முதற்கொண்டு சொல்வார்கள். பதினோரு வருடம் ஒரு நிமிடம் கூட்டி எழுதாதவன் இன்றைக்கு எதைக் கூட்டி எழுதுவது? ஆனால் அவள் கேட்ட கேள்வி மண்டைக்குள் ஒரு கணக்குப் போல ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வண்டி. ஒரே நேரம். ஒன்றுக்குப் பாராட்டு, ஒன்றுக்கு வேலை நீக்கம். இதில் பொய் எங்கோ இருக்கிறது. அது அவளிடம் இல்லை.

“மா, சங்கு ஏழுக்குத்தானே?” என்று கேட்டார்.

“பத்தொம்பது வருஷமா ஏழுதான்.”

புத்தகத்தைத் திறந்தார். நிமிடத்துக்கான இடத்தில் ‘0’ என்று எழுதினார். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தொடாத ‘குறிப்பு’க் கோட்டுக்குப் பேனாவை இறக்கினார். ‘ரயில் தன் நேரத்துக்கு வந்தது. இவர் வேலை நேரத்துக்கு இருபது நிமிடம் தாமதம். ரயிலும் இவரும் ஒன்றாகவே வந்தார்கள்.’ எழுதியதை இரண்டு தடவை வாசித்தார். ஒரு எழுத்தும் பொய்யில்லை. முத்திரையில் ஊதினார், ஒற்றினார், ஒத்திகை பார்த்தார், குத்தினார்.

சீட்டு கிழிபடும் சத்தத்தில் திரு. மொட்சுமியின் முகம் வெளுத்தது. தொண்ணூற்றேழு நாள். கையை நீட்டிச் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினார். அச்சடித்த பெரிய எழுத்தை வாசித்தார். உதடு அசைய மறுபடி வாசித்தார்.

“‘பூஜ்ஜியம் நிமிடம் தாமதமாக வந்தது என்று சான்றளிக்கப்படுகிறது’,” என்றார் மெதுவாக. “நம்ம முத்திரையோட.”

“ஆமா ஐயா.”

“பயணியே கேட்டு வாங்கறாங்க.”

“ஆமா ஐயா.”

அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது, வட்டியும் சேர்ந்து. “மாசெங்கோ, இதை எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்?”

“வண்டியில வந்த எல்லாருக்கும் கொடுக்கலாம் ஐயா. எல்லாருக்கும் ஒரே விஷயம்தான்.”

குறிப்புக் கோட்டை அவர் பார்க்கவில்லை. கீழே கையால் எழுதியதை வாசிக்கிற வழக்கம் அவர் பதவியில் இல்லை. சீட்டை மாகுபேகாவிடம் தானே இரு கைகளாலும் கொடுத்தார், புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டார். அவள் படத்துக்கு நிற்காமல் ஓடினாள். அன்று காலை இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் போயின. ‘தம் ரயில் நேரத்துக்கு வந்ததற்கான சான்றிதழைப் பெற அலைமோதும் பயணிகள்’ என்று மாலையில் தலைமையகத்துக்கு அறிக்கை போனது. ஜன்னலை மூடும் உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டு, இன்னும் இரண்டு ஜன்னல் திறக்க முடியுமா என்று யோசிக்கச் சொன்னார்கள்.

மாசெகோவுக்கு இதில் எதுவும் காதில் ஏறவில்லை. அவள் என்ன ஆனாள் என்று தெரியாமல் பகல் முழுக்க முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெத்தை ஆலை மேஸ்திரி வான் டொண்டர் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டு என்ன நினைத்திருப்பான்? நையாண்டி என்று நினைத்திருந்தால்? ‘ஒன்றாகவே வந்தார்கள்’ என்ற கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டிருக்கலாம். அது கொஞ்சம் அதிகப்படி.

மறுநாள் வண்டி நிற்பதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்தக் கதவு நேரே வந்து நின்றது. மாகுபேகா இறங்கினாள். கையிடுக்கில் ஆலைக்குப் போடும் நீல அங்கி இருந்தது.

“உள்ள விட்டானா?” என்று கேட்டார். வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டது.

“விட்டான் பாபா. எச்சரிக்கைக் காகிதத்தையும் கிழிச்சுப் போட்டான்.”

“வாசிச்சுட்டு என்ன சொன்னான்?”

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டிருந்தது. யாரோ பழைய பாட்டொன்றை மூக்கால் ஆரம்பித்திருந்தார்கள்.

“அவன் எங்க பாபா வாசிச்சான்? நீல முத்திரை இருக்கான்னு பாத்தான். இருந்துச்சு. மேஜை மேல ஒரு ஆணி வச்சிருக்கான், அதுல குத்தினான். என்னைக்கும் அப்படித்தான். நீங்க முப்பத்தேழு எழுதினாலும் மூவாயிரம் எழுதினாலும் அவனுக்கு ஒண்ணுதான்.”

“பதினோரு வருஷமாவா?”

“பதினோரு வருஷமா.”

மாசெகோ நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்தைந்தை நாற்பத்தைந்தாக்க மாட்டேன் என்று மச்சானை இழந்தது ஞாபகம் வந்தது. சிக்னல் அறைக்கு ஃபோன் போட்டுப் போட்டு, வண்டி நின்ற விநாடியைக் கேட்டுக் கேட்டு, அந்த ஆட்களிடம் ‘நிமிஷக் கிறுக்கன்’ என்று பேர் வாங்கியது ஞாபகம் வந்தது. எல்லாம் ஓர் ஆணிக்காக.

“நான் வாசிப்பேன் பாபா,” என்றாள் மாகுபேகா. “ஆலைக்கு நடந்து போறப்போ தினமும். வேற என்ன இருக்கு, வாசிக்க? நேத்து எழுதினதை வாசிச்சு ரோட்டிலேயே சிரிச்சுட்டேன். சரி, கொடுங்க, சங்கு ஊதி எவ்வளவு நேரமாச்சு.”

அவளுக்கு எழுதிக் கொடுத்தார். அவள் போனாள், சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் நின்ற பெயிண்ட் ஆலைக்காரன், எழுதுவதை விட்டுவிட்டு முத்திரையை மட்டும் குத்திக் கொடுத்தால் போதும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கையை நீட்டினான்.

அன்றைக்கு வண்டி ஏழு இருபத்திரண்டுக்கு வந்திருந்தது. மாசெகோ நிமிடத்தின் இடத்தில் ‘2’ என்று எழுதினார். பிறகு குறிப்புக் கோட்டுக்கு வந்து, வேலை நேரத்துக்கு இருபத்திரண்டு என்று, எண்ணாலும் எழுத்தாலும், நிதானமாக எழுத ஆரம்பித்தார்.